ரத்தம் எடுக்கும் முன்: தோட்டப்புற மருத்துவ ஆய்வுக்குப் புதிதாக வருவோருக்கு

மலேசியாவில் பகாவ், சுங்கை சிப்புட், பீடோங் போன்ற தோட்டப்புறச் சிறு நகரங்களுக்கு மருத்துவ ஆய்வுக் குழுக்கள் வருவது புதிதல்ல. வேனில் வருவார்கள், மண்டபத்தில் மேசை போடுவார்கள், பாரம் (படிவம்) நிரப்பி ரத்தம் எடுப்பார்கள், ஒரு பொட்டலம் மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். முடிவு என்ன ஆனது என்று சொல்லப் பல குழுக்கள் திரும்பி வருவதில்லை. அடுத்த குழு கதவைத் தட்டும்போது, "போன தடவை எடுத்த ரத்தத்துக்கே இன்னும் பதில் வரல" என்று வீட்டுக்காரம்மா சொன்னால், அதை அறியாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கிறார்.

ஆய்வு உதவியாளராகவோ தாதியாகவோ களப் பொறுப்பாளராகவோ முதல்முறையாகத் தோட்டப்புறத்துக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேண்டாம் என்று சொன்னால் ஒரு சென் நட்டமும் வராது, ஒரு முகச்சுளிப்பும் வராது என்பதை மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மற்ற எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான்.

"எங்கள ஏன் கேக்கறீங்க?"

முதல் வீட்டிலேயே இந்தக் கேள்வி வரும். பதில் கையில் இல்லாமல் போகாதீர்கள்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. இவ்வளவு பேருக்கு நோய் இருந்தும், அதை அளக்கும் கோல்கள் பல வேறு மக்களை வைத்து வகுக்கப்பட்டவை. உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால்தான் எடை அதிகம் என்ற கணக்கு நெடுங்காலம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. ஆசியர்களுக்கு அதற்கும் குறைந்த எடையிலேயே இனிப்பு நீரும் இதய நோயும் வருகின்றன என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 23இலேயே கவனிக்கச் சொன்னது. ஆசியர்கள் ஆய்வில் இருந்ததால்தான் அது தெரியவந்தது.

இன்னோர் எடுத்துக்காட்டு எல்லாருக்கும் சட்டென்று புரியும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்சிமீட்டர், அது ஒளியைத் தோல் வழியே செலுத்தித்தான் அளக்கிறது. உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி சரியென்று காட்டும் தவறு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு நடந்ததாக 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நிறம் கறுத்தவர்களைப் போதிய அளவு வைத்துச் சோதிக்காமல் ஒரு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் இதுதான் நடக்கும். நம் தோட்டத்து மக்களிடம் இதை அப்படியே சொல்லலாம்.

பயத்துக்கும் வரலாறு உண்டு, அதையும் மறைக்காதீர்கள். மலாயாவில் பெரிபெரி நோய் பரவிய காலத்தில், புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அது அதிகம் வருவதில்லை என்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1905இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறுபாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் பலர் நோயுற்றார்கள், இறந்தவர்களும் உண்டு. பிறகு பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் ஜெலெபு பக்கம் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். தவிட்டோடு போகும் சத்துதான் குறை என்ற அறிவுக்கு இவையெல்லாம் வழிவிட்டன. உலகுக்குப் பெரிய நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் விடுதியில் அடைபட்டிருந்தவர்கள் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை.

அமெரிக்காவின் டஸ்கீகியில் நடந்தது இதைவிடக் கொடியது. 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிபிலிஸ்) கண்ட ஏறக்குறைய 400 கறுப்பின ஆண்களை, பென்சிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே சட்டமும், ஆய்வு நெறிமுறைகளை வகுத்த பெல்மாண்ட் அறிக்கை 1979இலும் வந்தன. இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் சம்மதப் பாரத்தில் இப்படிப்பட்டவர்களின் துயரம் இருக்கிறது. அவசரமாகக் கையெழுத்து வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாள்கள்

இந்தப் பகுதி சிறியது, ஆனால் விட்டுவிட்டால் வேலை நின்றுவிடும். சுகாதார அமைச்சின் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியிருக்க வேண்டும். அரசுக் கிளினிக்கோ அதன் நோயாளிகளோ சம்பந்தப்பட்டால் அமைச்சின் மருத்துவ ஆய்வு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். கடிதத்தில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். தமிழ்ப்பள்ளிக்குள் மாணவர்களைச் சேர்ப்பதென்றால் கல்வி அமைச்சின் அனுமதி தனி. பக்கத்து ஓராங் அஸ்லி கிராமத்துக்குப் போவதென்றால் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜக்கோவாவின் அனுமதி தனி. இவற்றின் நகல்களை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, கேட்கிறவர் கையில் கொடுத்துப் படிக்கவிடுங்கள். பதிவு எண்ணும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் உங்களிடம் கேட்காமலே தெரியும்படி மண்டப வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கட்டும்.

ஊரைப் படியுங்கள்

தோட்டம் என்றதும் லயத்து (தொழிலாளர் வரிசை) வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் என்று எண்ணி வந்தால் ஆய்வு முதல் நாளே தடம் மாறிவிடும். பல இடங்களில் லயத்தில் இப்போது இருப்பவர்கள் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பங்கள் நகரத்தை ஒட்டிய தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டன. இளையவர்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். கடைவீதியில் சீனர்கள், சுற்றிலும் மலாய்க் கம்போங்குகள், பகாவ் பக்கம் பெல்டா என்ற அரசு நிலத் திட்டக் குடியேற்றங்கள். யாரைச் சேர்க்கப்போகிறீர்களோ அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று முதல் இரண்டு வாரம் நடந்து பார்த்து, கையால் ஒரு வரைபடம் போடுங்கள்.

நேரம்தான் பலர் தவறும் இடம். பால்மரம் சீவுகிறவர் விடியுமுன் கிளம்பிவிடுவார், பால் நிறுத்து முடிய நண்பகல் ஆகும். செம்பனைக் குலை வெட்டுகிறவர் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கப் பார்ப்பார். அலுவலக நேரத்தில் கதவைத் தட்டினால் வயதானவர்களும் குழந்தைகளும்தான் வீட்டில் இருப்பார்கள். உங்கள் தரவும் அப்படியே சாய்ந்துவிடும். வார நாளில் மாலை 5 முதல் 7 வரை, ஞாயிறு காலை, இவைதான் நல்ல நேரம். வெள்ளி மாலை கோயில் பூசை. தைப்பூச விரதம், புரட்டாசி சைவம், ஆடித் திருவிழா, ரமலான், சீனப் பெருநாள், எல்லாவற்றையும் நாட்காட்டியில் முதலிலேயே குறித்துவிடுங்கள். விரத காலத்தில் எடுத்த ரத்தத்தை மற்ற மாதத்து ரத்தத்தோடு ஒப்பிடவும் முடியாது.

யாரிடம் கேட்பது

தோட்ட மேனேஜர் கொடுக்கும் அனுமதி, கேட்டைத் தாண்டி உள்ளே வர மட்டும்தான். அது ஒருவருடைய சம்மதமும் ஆகாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) பக்கத்தில் நிற்க, "விருப்பம் இருக்கிறவங்க கை தூக்குங்க" என்று கேட்டால் எல்லாருமே கை தூக்குவார்கள். வேலைக்குப் பயந்து தூக்கிய கை அது. யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்ற பட்டியல் ஆபீஸ் கிராணியின் (எழுத்தரின்) கண்ணில்கூடப் படக்கூடாது. நிர்வாகம் கேட்டால் மொத்த எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளரிடம் பாஸ்போர்ட், பெர்மிட் எண்களைக் கேட்கவே கேட்காதீர்கள். ஆய்வுக்கு அவை தேவையில்லை, கேட்ட அன்று மாலையே செய்தி எல்லா அறைக்கும் போய்விடும்.

கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பது நல்லது, ஆனால் அதோடு நிற்காதீர்கள். சில ஊர்களில் நிர்வாகம் இரண்டு அணியாக இருக்கும். ஒரு அணி மேடையேற்றிய ஆய்வை மறு அணி புறக்கணிக்கும். அந்தப் பகையை நீங்கள் அறியாமலே வாங்கிக்கொண்டிருப்பீர்கள். இரு தரப்பையும் ஒரே நாளில், ஒரே கடிதத்தோடு பாருங்கள்.

மேடைத் தலைவர்களைவிட, நோய் வந்தால் மக்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஓய்வுபெற்ற டிரசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்), ஆயாக்கொட்டகையில் (குழந்தைக் காப்பகத்தில்) இருந்த அம்மா, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கிளினிக் டேசாவின் (கிராமக் கிளினிக்கின்) மலாய்த் தாதி என்று நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இவர்களை வைத்து எட்டுப் பேர் கொண்ட ஆலோசனைக் குழு அமையுங்கள். பாதிப்பேராவது பெண்கள். ஆய்வு எந்த நோயைப் பற்றியதோ அந்த நோய் உள்ளவர் இருவர். இந்தோனேசியத் தொழிலாளர் ஒருவர், சூராவ் (சிறு தொழுகைக் கூடம்) பக்கம் ஒருவர், கடைவீதியிலிருந்து ஒருவர். கூட்டத்துக்கு வருவதற்குப் பயணச் செலவும் நேரத்துக்கான பணமும் கொடுங்கள், தேநீரோடு முடித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் குழுவுக்கு உண்மையான அதிகாரம் இருக்க வேண்டும். கேள்வித்தாளில் எந்தக் கேள்வி மனத்தைப் புண்படுத்தும், எங்கே எப்போது ரத்தம் எடுப்பது, முடிவுகளை வெளியே எப்படிச் சொல்வது, இந்த மூன்றிலும் அவர்கள் சொன்னால் மாற்றுங்கள். மாற்றம் நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி போக வேண்டியிருக்கும், அதனால் ஒப்புதலுக்கு அனுப்புமுன்பே முதல் கூட்டத்தை நடத்திவிட வேண்டும். எல்லாம் முடிவான பிறகு கூட்டும் குழு படம் எடுக்கத்தான் உதவும், அது ஊருக்கும் தெரியும்.

பாரமும் பேச்சும்

நான்கு மொழியிலும் பாரம் வேண்டும்: மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம். தமிழ்ப் பாரத்தைப் பெரும்பாலும் யாரோ தலைநகரில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருப்பார்கள். அச்சடிக்குமுன் ஐந்து பேரிடம் உரக்கப் படித்துக்காட்டி, ஒவ்வொரு பத்திக்கும் பிறகு "இப்ப என்ன சொன்னேன், உங்க பேச்சுல சொல்லுங்க" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். தமிழ் பேசுகிற எல்லாராலும் தமிழ் படிக்க முடியாது. மலாய்ப் பள்ளியில் படித்த இளையவர்கள் மலாய்ப் பாரத்தையே விரும்பலாம். எந்த மொழி வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், முகத்தைப் பார்த்து எடுத்து நீட்டாதீர்கள்.

வாசலில் பேசுவது இந்த மாதிரி இருக்கலாம்:

"வணக்கம்கா. நாங்க கிளினிக் ஆளுங்க இல்ல, ஆராய்ச்சிக்கு வந்திருக்கோம். இனிப்பு நீர் இருக்கிறவங்களுக்கு சிறுநீரகம் எப்படி இருக்குன்னு பாக்கறோம். ஒரு தடவ ரத்தம் எடுப்போம், அரை மணி நேரம் கேள்வி கேப்போம். இதனால உங்க நோய் குணமாகாது. வேண்டாம்னா சொல்லிடுங்க, கிளினிக்ல உங்களுக்குக் கிடைக்கிற மருந்து, வைத்தியம் எதுவும் மாறாது. இன்னிக்கே சொல்லணும்னு இல்ல, வீட்ல பேசிட்டு அப்புறமா சொல்லுங்க."

"குணமாகாது" என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெள்ளை அங்கியைப் பார்த்ததும் இது வைத்தியம் என்றுதான் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். பிறகு மருந்து வரவில்லை என்றதும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்வார்கள், சரியாகத்தான் சொல்வார்கள்.

பாரத்தைக் கொடுத்துவிட்டுக் குறைந்தது ஒரு நாள் கழித்துப் போங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முழுதையும் வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி தொடக்கம் முதல் கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும், அதன் பிறகுதான் கட்டைவிரல் ரேகை. குழுவின் டிரைவரைச் சாட்சியாகப் போடுவது செல்லாது. மகனையோ மகளையோ மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள்: சம்சு (மலிவுச் சாராயம்) குடிப்பீர்களா, வீட்டில் அடி உண்டா, மாதவிலக்கு எப்படி என்ற கேள்விகளுக்குப் பிள்ளை முன்னால் எந்தத் தாயும் உண்மை சொல்ல மாட்டார். மாமியார் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். பெண்களைப் பெண்களே, தனியிடத்தில் கேட்க வேண்டும். பாரத்தின் நகல் ஒன்று அவர் கையில் இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமும், பிள்ளை புரிந்துகொள்ளும் வயதென்றால் பிள்ளையின் விருப்பமும் தேவை.

ரத்தம் எடுக்கும் நாள்

ஊரில் வரும் வதந்திகளில் பாதி ரத்தத்தைப் பற்றியது: நிறைய எடுக்கிறார்கள், விற்கிறார்கள். ஊசியை எடுக்குமுன் காலிக் குழாய்களை மேசையில் வரிசையாக வைத்துக் காட்டுங்கள். ஊதா மூடி மூன்று மாதச் சர்க்கரைக்கு, சாம்பல் மூடி இன்றைய சர்க்கரைக்கு, மஞ்சள் மூடி சிறுநீரகத்துக்கும் கொழுப்புக்கும். ஒவ்வொன்றும் 2 முதல் 5 மில்லி, எல்லாம் சேர்ந்து 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி. பெரியவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. குழாயில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும் என்று எண்ணைக் காட்டுங்கள். எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது, எப்போது அழிக்கப்படும் என்பதையும் சொல்லுங்கள். மிச்சத்தைச் சேமிப்பதாகவோ மரபணு பார்ப்பதாகவோ இருந்தால் அதற்குத் தனிக் கட்டம், தனிக் கையெழுத்து. அதற்கு மறுத்தவரும் மற்ற பகுதியில் சேரலாம் என்று இருக்க வேண்டும். மருந்து நிறுவனம் பணம் கொடுக்கும் ஆய்வென்றால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். பிறகு வேறு வழியில் தெரிந்தால் எல்லாம் பொய்யாகத் தோன்றும்.

வெறும் வயிற்று ரத்தத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் சாப்பிடக்கூடாது, வெறும் தண்ணீர் குடிக்கலாம். இங்கேதான் ஆபத்து. இனிப்பு நீர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினியாக வந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். காலை இனிப்பு நீர் மருந்தைப் போடாமல் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள், முந்தைய இரவே கைப்பேசியில் நினைவூட்டுங்கள். மேசையில் குளுக்கோமீட்டரும் சர்க்கரையும் இருக்கட்டும். அளவு 4க்குக் கீழே (மில்லிமோல்/லிட்டர்) போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஞாயிறு காலை 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடியுங்கள், எடுத்த கையோடு தோசையோ நாசி லெமாக்கோ கொடுங்கள். ஒருவர் மண்டபத்தில் மயங்கி விழுந்தால் அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள்.

மருந்து கொடுக்கும் ஆய்வென்றால் கேப்சூலின் ஜெலட்டின் மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா என்று முன்பே விசாரித்து வைத்திருங்கள். தமிழரும் கேட்பார்கள், மலாய்க்காரரும் கேட்பார்கள்.

பணம்: குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட், அரை நாளுக்கு 33. இழந்த நேரத்தையும் பயணத்தையும் ஈடுகட்டும் அளவு போதும்; பணத்துக்காகவே பயத்தை விழுங்கிக்கொண்டு சேரும் அளவு பெரிதாக இருக்கக்கூடாது. ரொக்கமாக, அவர் கையிலேயே கொடுங்கள், தோட்ட ஆபீஸ் வழியாக வேண்டாம். பாதியில் எழுந்து போகிறவருக்கும் அன்றைய பணம் உண்டு.

இனம் என்ற கட்டம்

அவர் சொல்வதை எழுதுங்கள், பெயரைப் பார்த்து நீங்களே நிரப்பாதீர்கள். இந்தியர் என்ற ஒரு கட்டத்துக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாரும் அடைபட்டுப் போகிறார்கள். உணவும் வழக்கமும் வேறு வேறு. கலப்புத் திருமணக் குடும்பங்களும் உண்டு. இனத்தை ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரியில் விளக்கம் கொடுங்கள்.

இதைவிட முக்கியம், பிறகு எழுதும்போது வரும். "இந்தியர்களிடம் நோய் அதிகம்" என்று எழுதிவிட்டு, குடியும் சாப்பாடும்தான் காரணம் என்று முடித்துவிடுவது எளிது. பத்திரிகைத் தலைப்பாக அது வந்தால் அடுத்த பத்து ஆண்டுக்கு அந்த ஊரில் ஆய்வு செய்ய முடியாது. சம்பளம், ஷிப்ட் நேரம், கிளினிக் தூரம், தோட்டத்தை விட்டு வந்தபோது இழந்த காய்கறித் தோட்டம், இவற்றையும் கேட்டிருந்தால்தான் காரணத்தைப் பற்றி வாய் திறக்கலாம். கேள்வித்தாளிலேயே இவற்றுக்கு இடம் வையுங்கள்.

முடிவைக் கொண்டுபோய்க் கொடுங்கள்

ரத்த அழுத்தம் 180க்கு 120ஐத் தொட்டால், சற்று உட்காரவைத்து மறுபடி பார்த்துவிட்டு, அன்றே கடிதத்தோடு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0ஐத் (மில்லிமோல்/லிட்டர்) தொட்டோ தாண்டியோ இருந்து, அதுவரை நோய் இருப்பது தெரியாதவர் என்றால், ஒரு வாரத்துக்குள் நேரில் போய்ச் சொல்லி, உறுதிப்படுத்தும் சோதனைக்குக் கிளினிக்கில் நாள் வாங்கிக் கொடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் யாருடைய முடிவையும் போடாதீர்கள். மற்றவர்களுக்கு நான்கு வாரத்துக்குள் ஒரு தாள், மூடிய உறையில்: அவருடைய அளவு, சரியான அளவு, என்ன செய்ய வேண்டும்.

ஆய்வு முடிந்ததும் ஆலோசனைக் குழுவிடம் முதலில் சொல்லுங்கள், பிறகு ஊருக்கு. ஆய்விதழில் வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் வருடங்கள் ஓடிவிடும். எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் அதைச் சொல்லத் திரும்பி வர வேண்டும். இந்தப் பயணத்துக்கான செலவை ஆரம்ப பட்ஜெட்டிலேயே எழுதாவிட்டால் கடைசியில் அதற்குப் பணம் இருக்காது. பல குழுக்கள் திரும்பி வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், மனம் இல்லாதது அல்ல.

விலக நினைப்பவர் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று பாரத்தில் எழுதியிருப்பீர்கள். அந்த எண் ஆய்வு உதவியாளர் ஒருவரின் சொந்தக் கைப்பேசியாக இருந்தால், அவர் வேலை மாறியதும் அழைப்பை எடுக்க ஆள் இருக்காது. துறை அலுவலகத்து எண்ணைப் போடுங்கள். அங்கே தமிழிலும் மலாயிலும் பதில் சொல்ல யார், விலகியவரின் மாதிரியை அழித்துவிட்டதாக எழுதிக் கொடுப்பது யார் என்று பெயர் குறித்து வைத்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்புங்கள்.